கறை நீக்கிய கச்சேரி

ஒரு கட்டடத்தை இடிக்க ஓர் இயந்திரமும் அதை ஓட்ட ஓர் ஆளும் போதும். மரியாதையாக இடிக்க வேண்டுமானால் அதற்கு ஒரு வாரியம் வேண்டும். அந்த ஊரில் அப்படி ஒன்று இருந்தது. ஒலி மரபுக் காப்பு வாரியம் என்று பெயர். இனிமேல் ஊரில் கேட்கப்போவதில்லை என்று முடிவாகிவிட்ட சத்தங்களைப் பதிவு செய்து பத்திரப்படுத்துவது அதன் கடமை. எந்தச் சத்தம் இனிமேல் கேட்கக் கூடாது என்று முடிவு செய்வதும் அதே வாரியம்தான் என்பதால் வேலை தடங்கலில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

இந்தத் தடவை வாரியத்தின் கண் ஐஸ்கூடத்தின் மேல் விழுந்தது. ஒரு காலத்தில் அது ஐஸ் தயாரித்த தொழிற்சாலை. தொழிற்சாலை மூடியபின் யாரோ உள்ளே ஒரு மேடையைப் போட்டார்கள். தடித்த சுவர், ஜன்னல் கிடையாது, உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே கேட்காது. ஊரில் வேறெங்கும் உள்ளே விடாத ராக் குழுக்கள் எல்லாம் அங்கே வந்து அடைந்தன. வாரியத்துக்கோ புதிய தலைமை அலுவலகம் கட்ட இடம் தேவைப்பட்டது. அந்த அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், அழிந்துபோன கூடங்களுக்கென்று ஒரு காட்சியகம் வைக்கத் திட்டம். காட்சியகத்தில் வைக்க அழிந்துபோன கூடம் ஒன்றும் வேண்டும். ஐஸ்கூடத்தை இடித்தால் இரண்டு தேவையும் ஒன்றாகத் தீரும் என்று ஓர் அதிகாரி ஒரு கூட்டத்தில் கண்டுபிடித்துச் சொல்ல, எல்லோரும் எழுந்து நின்று அவருக்குக் கைதட்டினார்கள்.

இடிப்பதற்கு முன் கடைசியாக ஒரு கச்சேரி. அதை நேரடி ஆல்பமாக வாரியமே பதிவு செய்து வெளியிடும் என்று அறிவிப்பு வந்தது. பாடுவதற்குத் தகரத்தின் குழுவை அழைத்தார்கள்.

தகரம் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. மழைநாளில் தகரக் கூரையின் மேல் யாரோ சங்கிலியை இழுத்துக்கொண்டு ஓடுவது போல இருக்கும் அவனுடைய குரல். ரசிகர்கள் அன்பாக வைத்த பெயர் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அவனை வளர்த்த அக்காகூட அவனை அப்படித்தான் கூப்பிட்டாள். அக்கா ஒரு சலவைக் கடையில் வேலை பார்த்தாள். துணியை வாங்கி, கறை இருக்கும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு உள்ளே அனுப்ப வேண்டும். நாள் முழுக்க நின்றபடி வேலை என்பதால் மாலையில் கால் வீங்கிவிடும். தம்பியின் கச்சேரி ஒன்றைக்கூட அவள் முழுதாகக் கேட்டதில்லை. பாட்டு என்றால் அவளுக்குக் கடை ரேடியோவில் மெதுவாக ஓடுவதுதான்.

அறிவிப்பு வருவதற்குப் பத்து நாள் முன்னால்தான் இரண்டு பேரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"குரல்வளையை எடுத்தாகணும்" என்றார் டாக்டர். "உயிருக்கு நான் பொறுப்பு. கழுத்துல ஒரு துளை இருக்கும், அது வழியா மூச்சு விடலாம். பேச்சு வராது."

"பாட்டு?" என்று கேட்டான் தகரம்.

டாக்டர் பேனாவை மூடினார்.

பிறகு வாரியத்தின் அழைப்பு வந்ததும் தகரம் மறுபடி டாக்டரிடம் போனான். "ஒரு கச்சேரி இருக்கு டாக்டர். பாடலாமா?"

"பாடிட்டு வாங்க. இனிமே கெட்டுப்போக அதுல ஒண்ணும் பாக்கி இல்ல."

அன்று வீட்டுக்கு வந்த அக்கா தன் போனை எடுத்துத் தேடினாள். தம்பியின் குரல் அதில் இருக்கத்தான் செய்தது. "சாவி எங்க வெச்சே", "தண்ணி வந்துச்சா", "நான் வர லேட்டாகும், நீ சாப்பிடு" என்ற ரகம். பாடுகிற குரல் எங்கும் இல்லை. ரசிகர்கள் போனில் எடுத்ததையெல்லாம் கேட்டுப் பார்த்தாள். ஐஸ்கூடத்தின் இரைச்சலைத் தாங்காமல் அந்தப் போன்கள் வெறும் கரமுர சத்தத்தைப் பதிந்து வைத்திருந்தன. ஆல்பம் போடக் குழுவுக்கு எப்போதும் வசதி இருந்ததில்லை. இந்தக் கடைசிக் கச்சேரியை விட்டால் அந்தக் குரல் உலகத்திலேயே இல்லாமல் போய்விடும் என்பது அவளுக்கு அன்றுதான் உறைத்தது.

குழுவின் கிட்டார்காரன், தலையில் ஒரு முடிகூட இல்லாதவன், ஒரு யோசனையோடு வந்தான்.

"அக்கா, வாரியத்துக்காரங்களை நம்பாதீங்க. என் மச்சான்கிட்ட ஒரு சின்ன ரெக்கார்டர் இருக்கு. ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிடறேன்."

"எதுக்கு? கண்டுபிடிச்சாங்கன்னா கச்சேரியையே நிறுத்திடுவாங்க" என்றாள் அக்கா. "அவங்ககிட்ட இல்லாத மெஷினா? நூறு வருஷம் ஆனாலும் அழியாம வெச்சிருப்போம்னு பேப்பர்ல போட்டிருக்காங்க. நமக்கு எதுக்குடா இந்தத் திருட்டுத்தனம்?"

தகரம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அக்கா சொல்ற மாதிரியே செய்யலாம்" என்றான்.

கச்சேரிக்கு முன் வாரியத்தில் ஓர் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. குழுவுக்காகப் பேசத் தகரத்தோடும் கிட்டார்காரனோடும் அக்காவும் போனாள். நீள மேஜையின் அந்தப் பக்கம் வாரியத்தின் அதிகாரிகள் ஒரு டஜன் பேர். இந்தப் பக்கம் மூன்று பேரும் ஒரு தண்ணீர்க் குவளையும்.

"கச்சேரி காலை பத்து மணிக்கு" என்றார் நிகழ்ச்சி அதிகாரி.

"ராக் கச்சேரி ராத்திரிலதான் சார் வெப்பாங்க" என்றான் கிட்டார்காரன்.

"ராத்திரி அலுவலக நேரம் இல்லையே. அலுவலக நேரத்துக்கு வெளிய நடக்கறது மரபுல சேராது. மதிய இடைவேளைக்குள்ள முடிச்சாகணும், பதிவாளர்கள் சாப்பிடப் போயிடுவாங்க."

அடுத்து கைதட்டல் பற்றிப் பேசினார்கள். வாரியத்தில் கைதட்டல் மூன்று வகை: மரியாதைக் கைதட்டல், மகிழ்ச்சிக் கைதட்டல், தலைவர் கைதட்டல். ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்துவிட்டால் பதிவு செல்லாது. ஆகவே ரசிகர்கள் முந்தின நாளே வந்து ஒத்திகை பார்க்க வேண்டும். விசிலடிப்பது எந்த வகையிலும் சேராததால் விசிலுக்கு இடமில்லை. பாட்டின் நடுவில் கூடச் சேர்ந்து பாடலாமா என்று அக்கா கேட்டதற்கு, அது பார்வையாளர்களை இசைக் கலைஞர்களாக மாற்றிவிடும், அப்புறம் அத்தனை பேருக்கும் மேடையில் நாற்காலி போட வேண்டிவரும் என்று விளக்கம் கிடைத்தது. அக்கா சரி என்று தலையாட்டினாள். இவ்வளவு நுணுக்கமாக யோசிக்கிறவர்கள் பதிவையும் கருத்தாகத்தான் செய்வார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

கடைசியில் பேசியவர் தூய்மைப் பிரிவின் கண்காணிப்பாளர். ஒல்லியான, சாதுவான மனிதர். யார் நாற்காலியை இழுத்தாலும் முகம் சுளிப்பார்.

"உங்க பாட்டுல சத்தக் குறைபாடு ஏதாவது வருமா? முன்கூட்டியே சொன்னா நாங்க தயாரா இருப்போம்."

கிட்டார்காரன் சந்தோஷப்பட்டுவிட்டான். முதல் தடவையாக ஒருவர் இசையைப் பற்றிக் கேட்கிறார். "சார், என் கிட்டார் சுத்தமா ஒலிக்காது. கிழியற மாதிரி இருக்கும். வேணும்னே அப்படிப் பண்றோம். தகரத்தோட குரலும் கிழியும். ரெண்டும் சேர்ந்து கிழியறதுதான் சார் எங்க பாட்டே."

கண்காணிப்பாளர் அவன் கையை ஆறுதலாகப் பிடித்தார். "கவலையே படாதீங்க. எவ்வளவு கிழிஞ்சிருந்தாலும் நாங்க சரி பண்ணிடுவோம். உங்க வாயாலயே குறையை ஒத்துக்கிட்டீங்களே, அந்த மனசு யாருக்கு வரும்?"

கிட்டார்காரன் வாயைத் திறந்தான். அதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது.

கச்சேரியன்று காலை ஐஸ்கூடத்தின் வாசலில் எல்லோருடைய போன்களையும் துணிப்பைகளில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு பதிவு இருந்தால் வரலாறு குழம்பிவிடுமாம். கறுப்புத் தோல் ஜாக்கெட் போட்ட ரசிகர்கள், பல பேர் நரை தட்டியவர்கள், எண் போட்ட நாற்காலிகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசைகள் வாரியத்துக்கு. மேடையில் டிரம்ஸ்காரரின் செட்டுக்கு முன்னால் தலைவரின் பெரிய நாற்காலி இருந்ததால் டிரம்ஸ்காரரின் தலை மட்டும் தெரிந்தது.

வரவேற்புரை, அறிமுகவுரை, வரவேற்றவரை வாழ்த்தும் உரை, வாரியத்தின் தோற்றம் பற்றிய உரை என்று நேரம் போய்க்கொண்டே இருந்தது. தகரம் மேடையின் ஓரத்தில், கழுத்தில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றான். தொண்டையில் ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தான். அந்த மருந்தின் வேகம் மதியம்வரைதான் தாங்கும். அக்கா கடிகாரத்தைப் பார்ப்பதும் அவனைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

பிறகு தலைவர் எழுந்தார். பயிற்சி பெற்ற கைதட்டல் தவறில்லாமல் எழுந்தது.

"இந்தக் கூடத்தை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது" என்று ஆரம்பித்தார். "எனக்கே இன்று காலைதான் தெரிந்தது. இதற்குமுன் நான் உள்ளே வந்ததில்லை. இவ்வளவு அருமையான கூடம் என்று முன்பே தெரிந்திருந்தால் முன்பே இடித்திருப்போம். நண்பர்களே, இருக்கிற பொருளுக்கு மரபு என்று பெயரில்லை. அது வெறும் பொருள். அது போன பிறகுதான் மரபாகிறது. அப்படியானால் ஒரு சமுதாயம் மரபுச் செழிப்போடு இருக்க என்ன செய்ய வேண்டும்? இழக்க வேண்டும். நிறைய இழக்க வேண்டும். சென்ற ஆண்டு நமக்குத் தரப்பட்ட இலக்கைத் தாண்டி நாம் இழந்திருக்கிறோம் என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். சிலர் கேட்கிறார்கள், இந்தக் கலைஞர்கள் இனி எங்கே பாடுவார்கள் என்று. அவர்கள் ஏன் பாட வேண்டும்? அவர்களைத்தான் நாம் பதிவு செய்துவிட்டோமே!"

முன்வரிசை உருகிப்போனது. தலைவர் மேலும் பல விஷயங்களைத் தொட்டார். தன் இளமை, தன் உழைப்பு, தன் பணிவு. பணிவைப் பற்றி மட்டுமே அரை மணி நேரம் பேசினார்.

மைக் தகரத்தின் கைக்கு வந்தபோது மதிய இடைவேளைக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. போட்டு வைத்திருந்த பாட்டுகளில் பாதியை வெட்டிவிட்டு மூன்று பாட்டு பாடினார்கள். ரசிகர்கள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, எழுந்துவிடாமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள். நாலாவதாக வந்தது குழுவின் கடைசிப் பாட்டு. அது முடிகிற இடத்தில் வார்த்தை கிடையாது. தகரம் வெறும் குரலால் ஒரு நீண்ட கூச்சல் போடுவான். மற்றவர்கள் அவனுக்குக் கீழே அடித்துக்கொண்டே இருப்பார்கள்.

அக்கா காதைப் பொத்திக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள். கை பாதி வழி வந்து நின்றுவிட்டது. அந்தக் குரல் அடியிலிருந்து புறப்பட்டு, நடுவில் இரண்டாகப் பிளந்து, பிளந்தபடியே இன்னும் மேலே போனது. அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் போனபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் உட்கார்ந்திருந்த பையன் அந்தக் குரலுக்குள் இருந்தான். இத்தனை வருஷமாக இவன் ஐஸ்கூடத்துக்கு வந்து அழுதுகொண்டிருந்திருக்கிறான், பக்கத்திலேயே இருந்தும் தனக்குத் தெரியாமல் போய்விட்டதே. அக்கா கையைக் கீழே இறக்கினாள். நல்லவேளை, வாரியம் இதைப் பிடித்து வைத்துக்கொண்டது என்று நினைத்தாள். தகரம் துண்டால் வாயைத் துடைத்தபோது துண்டு சிவந்திருந்தது. பதிவாளர்கள் எழுந்து சாப்பிடப் போனார்கள்.

அடுத்த வாரம் டாக்டர் சொன்னதைச் செய்தார். அதற்கடுத்த வாரம் ஐஸ்கூடத்தை இடித்தார்கள். தகரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழுத்தில் குழாயோடு படுத்திருந்தான். வலி எவ்வளவு என்று கேட்டால் விரலால் அளவு காட்டுவான். நர்ஸ் இல்லாத நேரத்தில் உதட்டை அசைத்து, "ஆல்பம் எப்ப?" என்று கேட்பான். "வந்துடும்டா. நல்லா பண்ணணும்ல, நேரமாகும்" என்பாள் அக்கா. ஒவ்வொரு தடவையும் அவனைவிட அவளுக்குத்தான் அதில் தெம்பு வந்தது.

வெளியீட்டு விழாவை வாரியத்தின் அரங்கத்தில் வைத்தார்கள். தகரத்தைக் கழுத்தில் மென்மையான ஒரு துணியைச் சுற்றி முன்வரிசையில் உட்கார வைத்து ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள். விளக்கை மங்கலாக்கி ஆல்பத்தை ஓடவிட்டார்கள்.

முதலில் வரவேற்புரை. பேசியவர் எச்சில் விழுங்கியதுகூடத் துல்லியமாகக் கேட்டது. அறிமுகவுரை, வாழ்த்துரை, எல்லாம் கண்ணாடி மாதிரி தெளிவு. தலைவரின் உரை முழுதாக, ஓர் எழுத்துக்கூட விடாமல் வந்தது. பிறகு பாட்டு தொடங்க வேண்டிய இடம் வந்தது. ஒலிபெருக்கிகளில் ஒன்றுமில்லை. சுத்தமான, ஒரு தூசு இல்லாத மௌனம். அது ஒரு பாட்டு அளவுக்கு நீண்டது. அதன் முடிவில் மகிழ்ச்சிக் கைதட்டல். மறுபடி மௌனம். மறுபடி கைதட்டல்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். அதிகாரிகள் கண்ணை மூடித் தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தொடையில் தாளம் போட்டார்.

"ராக் இசை என்றாலே எனக்கு ஒரு பயம் இருந்தது" என்றார் தலைவர், ஆல்பம் முடிந்ததும். "இவ்வளவு அமைதியான ராக் இசையை நான் கேட்டதே இல்லை."

கிட்டார்காரன் எழுந்து நின்று, "எங்க பாட்டு எங்கடா?" என்று கத்தினான். இரண்டு பேர் வந்து அவன் தோளில் கை போட்டு, பாராட்டு மழையில் நெகிழ்ந்துவிட்டார் என்று மற்றவர்களிடம் சொல்லியபடியே வெளியே கூட்டிப்போனார்கள். தகரமும் எழுந்தான். வாயைத் திறந்தான். கழுத்துத் துணிக்குப் பின்னாலிருந்து உஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது. பக்கத்தில் இருந்த அதிகாரி உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடக் கூடாது என்று ஜாடை காட்டினார்.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அக்கா தூய்மைப் பிரிவுக்குப் போனாள். கண்காணிப்பாளர் அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"சார், என் தம்பி பாடினது எங்க?"

"போயிடுச்சும்மா." அவர் குரலில் சாதனை செய்த பெருமை இருந்தது. "ரொம்பக் கஷ்டப்பட்டோம். எங்க மெஷின் பேச்சுக்குன்னு செஞ்சது. தலைவரோட குரலைத்தான் அதுக்கு அளவா வெச்சிருக்கோம். அந்தக் குரல் மாதிரி எது இருக்கோ அது நிக்கும். மத்ததெல்லாம் அழுக்குன்னு போயிடும். சாதாரணமா ஃபேன் சத்தம், இருமல், நாற்காலிச் சத்தம் இதுங்கதான் போகும். உங்க தம்பி விஷயத்துல எல்லாமே போயிடுச்சு. எங்க பிரிவோட சரித்திரத்துல இவ்வளவு அழுக்கை நாங்க ஒரே பதிவுல எடுத்ததில்ல."

"அப்ப கைதட்டல் மட்டும் எப்படி நின்னுச்சு?"

"அதுக்குத் தனி அனுமதி இருக்கு."

"நான் சலவைக் கடையில வேலை பாக்கறேன் சார். நாங்க கறையை எடுத்துட்டுச் சட்டையைத் திருப்பிக் குடுப்போம். நீங்க சட்டையையே கறைன்னு எடுத்துட்டு ஹேங்கரைக் குடுத்திருக்கீங்க."

கண்காணிப்பாளர் நெகிழ்ந்துவிட்டார். "அழகாச் சொன்னீங்கம்மா. எங்க ஆண்டு மலர்ல இதைப் போட்டுக்கலாமா?"

"அசல் பதிவைக் குடுங்க சார். சுத்தம் பண்ணாதது. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"அதை அழிச்சாச்சே. சுத்தமானது ஒண்ணு இருக்கும்போது அழுக்கானதையும் வெச்சிருந்தா எது நிஜம்னு ஜனங்க குழம்பிடுவாங்க இல்லையா?" அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து அவர் மனம் இளகியது. நல்ல மனிதர்தான். "ஒரே ஒரு துண்டு மட்டும் இருக்கு. கடைசியில ஒரு கூச்சல் போட்டாரே, அது. அழுக்கு எப்படி இருக்கும்னு பயிற்சியாளர்களுக்குக் காட்டறதுக்காக வெச்சிருக்கோம். வெளியாட்களுக்குக் கிடையாது."

"பயிற்சியில யாரு சேரலாம்?"

"யாரு வேணாலும் சேரலாம்மா. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

மாதம் ஒரு தடவை அந்த வகுப்பு நடந்தது. தண்டனையாக அனுப்பப்பட்ட இரண்டு குமாஸ்தாக்களும் வீட்டில் பொழுது போகாத ஒரு பெரியவரும் வந்திருந்தார்கள். வாசலில் போனை வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு ஹெட்ஃபோன், கையில் பிடித்துக்கொள்ள ஓர் அழுத்து பொத்தான். ஓடுகிற ஒலியில் அழுக்கு தொடங்கும் நொடியில் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியதும் அவர்கள் காதில் ஒலி நின்றுவிடும். எவ்வளவு சீக்கிரம் அழுத்துகிறார்களோ அவ்வளவு மதிப்பெண். தேறாதவர்கள் அடுத்த மாதம் மறுபடி வரலாம். தேறியவர்கள் வரக் கூடாது. சுத்தமான காதை மறுபடி அழுக்குக்குக் காட்டுவது விதிப்படி குற்றம்.

அக்கா பொத்தானை மடியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். தம்பியின் குரல் அவள் காதுக்குள் எழுந்து, பிளந்து, மேலே போய், மூச்சு தீர்ந்து விழுந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூஜ்யம் வாங்கினாள். அடுத்த மாதமும் பூஜ்யம் வாங்கினாள். அதற்கடுத்த மாதமும். கண்காணிப்பாளர் அவளுக்காக மனப்பூர்வமாக வருத்தப்பட்டார். "முயற்சியை விடாதீங்கம்மா" என்று தட்டிக்கொடுத்தார்.

தகரத்திடம் அவள் உடனே சொல்லவில்லை. கிட்டார்காரன் சொன்ன அந்தச் சின்ன ரெக்கார்டரை வேண்டாம் என்று தடுத்தது தன் வாய்தான் என்பது அவளை அரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவன் ஸ்பூனைக் கீழே வைத்தான். கோபப்படுவான் என்று நினைத்தாள். எழுந்துபோய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, எப்போது போகலாம் என்று மணிக்கட்டைத் தட்டிக் காட்டினான்.

அந்த மாதம் இரண்டு பேரும் போனார்கள். வகுப்பு தொடங்குமுன் அக்கா அவன் காதருகே, "பொத்தானைத் தொடாதே. மடியில வெச்சுக்கோ" என்றாள். அவன் தலையாட்டினான். ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் சரிசெய்து, முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டான். பொத்தான் வலது கையில்தான் இருந்தது. லேசாக, விரல்கள் விரிந்தபடி.

ஒலி தொடங்கியது. முதலில் டிரம்ஸ், அதன் மேல் கிட்டார், பிறகு கூச்சலுக்கு முன் வரும் அந்தச் சின்ன இடைவெளி. அந்த இடைவெளி முடியும் நொடி எதுவென்று உலகத்தில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. அந்த இடத்தில் அவன் வாழ்நாள் முழுக்க ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறான்: நெஞ்சை நிறைத்து, வலது கையில் மைக்கை இறுக்கிப் பிடிப்பான். இப்போதும் நெஞ்சு நிறைந்தது. கை தானாக இறுகியது.

அக்கா தன் ஹெட்ஃபோனில் கூச்சலை முழுதாகக் கேட்டுவிட்டுத் திரும்பியபோது அவன் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பேயறைந்த முகம். அவன் காதில் ஒன்றும் கேட்கவில்லை.

கண்காணிப்பாளர் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அழுக்கு ஆரம்பிக்கறதுக்கும் இவர் அழுத்தறதுக்கும் நடுவுல ஒரு இமைகூட இடைவெளி இல்ல! எல்லாரும் பாத்துக்கங்க. தப்பு பண்ணினவருக்குத்தான் தப்பு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியும்." பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "வந்ததுலேருந்து இவர் ஒரு வார்த்தை பேசலை, கவனிச்சீங்களா? ஒரு இருமல் இல்ல, ஒரு செருமல் இல்ல. இந்தக் கட்டடத்துலயே சுத்தமான மனுஷன் இவர்தான்."

தகரம் பொத்தானைக் காட்டி, காதைக் காட்டி, இன்னொரு தடவை என்று விரலை உயர்த்தினான்.

"அடக்கத்தைப் பாருங்க, மறுபடி தேர்வு வைக்கச் சொல்றார்" என்றார் கண்காணிப்பாளர். "வேண்டாம் சார். முழு மதிப்பெண். நீங்க இனிமே இந்தப் பக்கம் வரவே கூடாது." அவரே கதவுவரை வந்து வழியனுப்பினார்.

வெளியே மதிய வெயில். பஸ் நிறுத்தத்தில் ஆட்கள் நின்றிருந்தார்கள். தகரம் வாரியத்தின் சுவரில் சாய்ந்து நின்றான். கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் கையைத் தொட்டு, தன் காதுக்குப் பக்கத்தில் விரல்களை விரித்துக் காட்டினான். எப்படி இருந்தது?

"நல்லா இருந்துச்சுடா" என்றாள். சொன்னபோதே அது எவ்வளவு அற்பமான வார்த்தை என்று தெரிந்தது. அவன் கையை அசைத்து அதை ஒதுக்கினான். எப்படி இருந்தது?

அக்கா சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஒவ்வொரு மாதமும் கேட்டுக் கேட்டு அது எங்கே புறப்படுகிறது, எங்கே பிளக்கிறது என்று அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. கைப்பையைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்து கத்தினாள்.

பஸ் நிறுத்தத்தில் எல்லாத் தலைகளும் திரும்பின. குரல் பாதியிலேயே ஒடிந்துவிட்டது. தகரம் தலையை ஆட்டினான். இல்லை, அப்படி இல்லை. அவள் அடிவயிற்றைச் சுட்டிக் காட்டினான்: இங்கேயிருந்து. அக்கா மறுபடி கத்தினாள். இந்தத் தடவை பிளக்க வேண்டிய இடத்தில் பிளந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, அவள் துடைக்கவில்லை. அவன் உள்ளங்கையை மேல்நோக்கித் தூக்கினான்: போதாது, இன்னும்.

வாரியத்தின் வாசலிலிருந்து காவலாளி அடித்துப் பிடித்து ஓடிவந்தார். "அம்மா, அம்மா! இங்கெல்லாம் சத்தம் போடக் கூடாதும்மா. உள்ள ஒலியைப் பாதுகாக்கறாங்க."

தகரம் அவரைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினான். அக்கா மூச்சை இழுத்தாள்.